வீட்டு ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு எத்தனை ஜிபி ரேம் போடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் ஒரு சின்ன அறையில் பாட்டு செய்கிறார் ஒருவர். இதுவரை பழைய 8 ஜிபி லேப்டாப்பில் ஓட்டிவிட்டார், இப்போது புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறார். குரல் பதிவு, கீபோர்டில் வாசித்து ட்ராக் போடுவது, அவ்வப்போது குறும்படத்துக்குப் பின்னணி இசை, வேலை இவ்வளவுதான். கடைக்காரர் "64 போட்டுடுங்க சார், பின்னாடி வருத்தப்பட வேண்டாம்" என்கிறார். கூட வாசிக்கும் நண்பரோ 8 ஜிபியே தாராளம், நான் அதில்தான் ஆல்பமே முடித்தேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நண்பர் செய்கிற வேலைக்கு 8 போதும். கடைக்காரர் மனதில் வைத்திருக்கிற வேலைக்கு 64 தேவைப்படலாம், அவர் மனதில் இருப்பது உங்கள் வேலையா தன் ஸ்டாக்கா என்பது வேறு விஷயம். உங்களுக்கு என்று கேட்டால் 32, அதையும் 16 இரண்டாக வாங்குங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால் நாளைக்கு உங்கள் வேலை மாறும்போது நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். மைக்கில் பதிவு செய்கிற குரலும் கிடாரும் ரேமைத் தின்பதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு, லீட், டபுள், கோரஸ், ஹார்மனி என்று 40 ட்ராக் அடுக்கினாலும் மொத்தம் 1.7 ஜிபிதான், அதுவும் டிஸ்கில்தான் கிடக்கும். மென்பொருள் அடுத்து வாசிக்க வேண்டிய துண்டை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஈக்யூ, கம்ப்ரசர், டிலே போன்ற எஃபெக்ட்கள் எல்லாம் பிராசஸருக்குத்தான் வேலை வைக்கும், மெமரியில் அவற்றின் பங்கு சொற்பம். சின்தசைசர் பிளகின்களும் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்கள்) பெரும்பாலும் அப்படியே, ஒலியை அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு உருவாக்குபவை. பியானோடெக் என்று ஒரு பியானோ பிளகின் இருக்கிறது, தந்தி எப்படி அதிரும், பலகை எப்படி ஒலிக்கும் என்று கணக்கிட்டே ஓசை தருவது, நூறு எம்பிக்குள் முடிந்துவிடும். அதே நேரத்தில் கீஸ்கேப் என்ற கீபோர்டு தொகுப்பு டிஸ்கில் 77 ஜிபி கேட்கும். இரண்டிலும் நீங்கள் வாசிக்கப்போவது அதே சி மேஜர்தான்.

வித்தியாசம் சாம்பிளில், அதாவது உண்மையான வாத்தியத்தை நோட் நோட்டாகப் பதிந்து வைத்த ஒலித் துண்டுகளில் இருக்கிறது. ரேம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி கடைசியில் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடும்: ஒரு பாட்டைத் திறந்து வைத்திருக்கும்போது எத்தனை சாம்பிள்கள் ஒரே சமயத்தில் உள்ளே ஏறியிருக்கின்றன? ட்ராக் எண்ணிக்கை, பாட்டின் நீளம், ஒலியின் தரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பழைய காலத்தில் இது நேரடிக் கணக்கு. 1986இல் வந்த அகாய் எஸ்900 சாம்பிளரில் இருந்த மெமரி 750 கிலோபைட். நல்ல தரத்தில் பதிந்தால் பன்னிரண்டு நொடி வாக்கில் தீர்ந்துவிடும். ஒரு வயலின் நோட்டையே சின்னதாக வெட்டி, நடுவில் லூப் போட்டு, அதை நான்கு கீக்கு இழுத்துதான் வாசித்தார்கள். 1998இல் கிகாசாம்பிளர் என்ற மென்பொருள் அந்தக் கட்டை உடைத்தது. சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொள், கீயை அழுத்தியதும் அந்தத் தொடக்கம் ஒலிக்கட்டும், அது முடிவதற்குள் மீதியை டிஸ்கிலிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனை. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் கான்டாக்ட் உட்படப் பெரிய சாம்பிளர்கள் எல்லாம் இந்த வழியில்தான் ஓடுகின்றன. 77 ஜிபி லைப்ரரியை (சாம்பிள் தொகுப்பை) 16 ஜிபி மெஷினில் வாசிக்க முடிவது இதனால்தான்.

அந்தத் தொடக்கத் துண்டு எவ்வளவு பெரிது? கான்டாக்டில் வழக்கமான அளவு ஒரு சாம்பிளுக்கு 60 கிலோபைட். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்று என்று பார்த்தால் தூசி. ஆனால் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வயலின் செக்‌ஷன் எடுத்துக்கொள்வோம். மூன்றரை ஸ்தாயி, 42 கீ, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவு செய்திருந்தால் 21 நோட். ஒவ்வொன்றும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று தரம். ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது மெஷின் போல ஒலிக்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் நான்கு மாற்றுப் பதிவு. இதுவே 252. இதை அருகில் ஒரு மைக், கண்டக்டர் தலைக்கு மேலே ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, அறையின் கோடியில் ஒன்று என நான்கு மைக்கில் எடுத்திருப்பார்கள். ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதாவது 60 எம்பி. இது வில்லைத் தட்டி வாசிக்கும் ஒரே ஒரு பாணிக்கு. விரலால் மீட்டுவது, நடுங்க வாசிப்பது, நீட்டி இழுப்பது என்று பத்துப் பாணி ஒரே பேட்ச்சில் (ஒரு வாத்தியமாகத் திறக்கும் கோப்பில்) இருந்தால் 600 எம்பி. முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஐந்து செக்‌ஷனையும் ஏற்றினால் 3 ஜிபி. இன்னும் ஒரு நோட் கூட வாசிக்கவில்லை.

லெகாட்டோ வந்தால் கணக்கு இன்னும் எகிறும். ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைத் தனித்தனியாகப் பதிந்திருப்பார்கள், மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்று ஒவ்வொரு நோட்டுக்கும் 24 தாவல். நம் ஊர் மெட்டுகளுக்கு லெகாட்டோ இல்லாமல் ஸ்ட்ரிங்ஸ் எழுதவே மனசு வராது என்பதால் இது நம்மிடம் பெரிய செலவுதான்.

இந்தக் கணக்கிலேயே மிச்சம் பிடிக்கும் வழியும் தெரிகிறது. பாட்டு எழுதும்போது நான்கு மைக் எதற்கு? கலவையான ஒரு மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தால் 3 ஜிபி 750 எம்பி ஆகிவிடும். ஆனால் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் போதாது, அந்த மைக்கை அன்லோட் செய்ய வேண்டும், பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு சின்ன பொத்தான் இருக்கும். டிரம் லைப்ரரியிலும் இதே கதை. ஸ்நேரை ஒரு தட்டு தட்டினால் அந்த ஓசை கிக் மைக்கிலும் டாம் மைக்கிலும் கசிந்தது வரை தனியாகப் பதிந்து வைத்திருப்பார்கள். அந்தக் கசிவை அணைத்தால் டிரம் பிடிக்கிற இடம் நன்றாகவே குறையும், குத்துப்பாட்டு மிக்ஸில் அது போனது யாருக்கும் தெரியப்போவதில்லை. கான்டாக்டில் பர்ஜ் என்று ஒரு வசதி உண்டு. ஏற்றிய சாம்பிள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, நீங்கள் வாசிக்கிற நோட்டுக்கு உரியதை மட்டும் திரும்ப ஏற்றும். பாட்டு முடிந்த நிலையில் ஒருமுறை பர்ஜ் செய்து தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள், பல ஜிபி திரும்பி வரும்.

சரி, ரேம் போதாவிட்டால் என்ன ஆகும்? மெதுவாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள், இசை வேலையில் அது மெதுவாவதோடு நிற்பதில்லை. பஃபர், அதாவது ஒரு தடவைக்குத் தயார் செய்யும் ஓசைத் துண்டின் அளவு, 256 சாம்பிள் (இங்கே சாம்பிள் என்றால் ஒலியின் ஒற்றைப் புள்ளி), 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு 5.3 மில்லி நொடிக்கும் அடுத்த துண்டு ஓசையைத் தயார் செய்து கொடுத்தாக வேண்டும். ரேம் நிறைந்ததும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கொஞ்சத்தை டிஸ்குக்குத் தள்ளிவிடும். தள்ளியதில் நீங்கள் அழுத்திய நோட்டின் தொடக்கமும் இருந்தால் திரும்ப எடுத்து வர வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் முள் நகர்ந்து இடத்தைப் பிடிக்கவே பத்து மில்லி நொடி வாக்கில் ஆகும், அதற்குள் கெடு தாண்டிவிட்டது. காதில் "பட்" என்று கேட்கும், இல்லாவிட்டால் நோட்டே காணாமல் போகும். எஸ்எஸ்டி பல மடங்கு வேகம் என்பதால் ஒன்றிரண்டைச் சமாளிக்கும், இரண்டு கையையும் வைத்து ஒரு கார்டு அழுத்தி நூறு சாம்பிள் ஒரே நேரத்தில் கேட்டால் அதுவும் திணறும். இன்னொரு பக்கம், ரேம் போதுமான அளவு இருந்துவிட்டால் அதற்கு மேல் போடுவதால் இசைக்கு எந்தப் பலனும் இல்லை. 20 ஜிபி கேட்கும் புராஜெக்ட் 32இல் எப்படி ஓடுகிறதோ அப்படியேதான் 64இலும் ஓடும். லேட்டன்சி, அதாவது கீயை அழுத்தியதற்கும் ஓசை வருவதற்கும் நடுவில் ஆகும் தாமதம், குறையாது, ஓசை சுத்தமாகாது, கூடுதலாக ஒரு ரிவர்ப் கூட போட முடியாது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹெட்ஃபோனில் கரகரவென்று வந்தாலே ரேம் பத்தவில்லை என்று ஓடுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது வேறு நோய். பஃபரை 64இல் வைத்துக்கொண்டு மாஸ்டரில் பத்து பிளகின் போட்டிருப்பார்கள், அல்லது ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) உரிய ஏசியோ டிரைவரை, அதாவது தாமதம் குறைந்த ஒலி டிரைவரைப் போடாமல் விண்டோஸின் பொது டிரைவரில் ஓட்டுவார்கள், அல்லது வைஃபை டிரைவர் குறுக்கே வந்து பிராசஸரைப் பிடித்து வைத்திருக்கும். லேட்டன்சிமான் என்று இலவசக் கருவி இருக்கிறது, பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் வில்லன் என்று பேரைச் சொல்லிவிடும். ரேமுக்குக் காசு எடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

இப்போது உங்கள் சொந்தக் கணக்கு. புது மெஷின் வாங்கும் முன் பழைய 8 ஜிபி லேப்டாப்பிலேயே அளக்கலாம். இதுவரை செய்ததில் மிகக் கனமான பாட்டைத் திறந்து, வழக்கமாகத் திறந்து வைக்கிற பிரவுசர், வாட்ஸ்அப் எல்லாம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போங்கள். மேலே தெரிகிற "இன் யூஸ்" எண்ணை நம்ப வேண்டாம். 8 ஜிபி மெஷினில் அது 8ஐத் தாண்ட வழியே இல்லை, தேவை 9 ஆனாலும் 15 ஆனாலும் ஒரே மாதிரி 7.6 என்றுதான் காட்டும். கீழே "கமிட்டட்" என்று சாய்கோடு போட்டு இரண்டு எண் இருக்கும், முதல் எண்தான் முக்கியம். 13/19 என்று இருந்தால் மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்து 13 ஜிபி வரை கேட்டு வைத்திருக்கின்றன, மெஷினில் அவ்வளவு இல்லை என்று பொருள். கேட்டது முழுவதையும் அவை பயன்படுத்தும் என்றில்லை, ஆனால் வாங்குவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கையில் கிடைக்காது. மேக் வைத்திருப்பவர்கள் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடத்தைப் பாருங்கள், பச்சையாக இருந்தால் எவ்வளவு "யூஸ்டு" காட்டினாலும் கவலை வேண்டாம். மஞ்சளாகி, ஸ்வாப் எண் (டிஸ்குக்குத் தள்ளிய அளவு) நீங்கள் பார்க்கப் பார்க்க ஏறினால் தட்டுப்பாடு.

நீங்கள் சொன்ன வேலையை வைத்து நானே ஒரு மதிப்பு போடுகிறேன். விண்டோஸ் 11 தன் பரிவாரத்தோடு ஏறக்குறைய 4 ஜிபி. ரெஃபரன்ஸ் பாட்டு கேட்கத் திறந்த பிரவுசர் 2. ரெக்கார்டிங் மென்பொருளும் எஃபெக்ட் பிளகின்களும் சேர்ந்து 2. நல்ல பியானோ ஒன்று 1 முதல் 2, டிரம் 2 முதல் 3, தபலா, டோலக், புல்லாங்குழல் என்று நம் வாத்தியப் பேட்ச்கள் கூட்டாக ஒன்றரை. இதுவரை 13, 14 வந்துவிட்டது. சாதாரணப் பாட்டுக்கு 16 ஜிபி இதோடு பொருந்திப் போய்விடும். குறும்பட வேலை வந்து அதன் மேல் ஸ்ட்ரிங்ஸ் 3, லெகாட்டோவோடு 4 அல்லது 5, பிராஸ் 2 என்று ஏற்றினால் 20ஐத் தாண்டும். அதனால்தான் 32. அதில் பத்து ஜிபி சும்மா கிடக்கும், வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கும்போது அது உதவும்.

குரலும் கிடாரும் கரோக்கி ட்ராக்கும் மட்டும் என்றால் 16க்கு மேல் ஒரு ரூபாய் கூட செலவழிக்காதீர்கள், அந்தக் காசில் நல்ல மைக் ஸ்டாண்டும் ஜன்னலுக்குக் கனமான திரையும் வாங்குங்கள், பாட்டில் கேட்கிற வித்தியாசம் அதில்தான் வரும். பீட், இடிஎம், சின்த் வேலை செய்பவர்களுக்கும் 16 போதும். 64 என்பது முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் ஒரு டெம்ப்ளேட்டாக நிரந்தரமாக ஏற்றி வைத்து, புராஜெக்டைத் திறந்ததும் எந்த வாத்தியமும் கையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி இதற்கு நல்ல உதாரணம். அதன் இலவச டிஸ்கவர் பதிப்பு 200 எம்பி சுமாருக்கு முடிந்துவிடும், புரொஃபஷனல் பதிப்பு டிஸ்கில் 600 ஜிபிக்கு நெருங்கி நிற்கும், மைக் தேர்வுகள்தான் அதில் பெரும்பகுதி. முதலில் டிஸ்கவரில் எழுதிப் பாருங்கள். அதில் எழுத வராதது 600 ஜிபியிலும் வராது என்பது என் அபிப்பிராயம், கோபித்துக்கொள்ள வேண்டாம். 128 வேண்டியவர்களுக்கு அது வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும், அவர்கள் யாரிடமும் கேட்பதில்லை.

டிஸ்கையும் சேர்த்துப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. ஒரு ஸ்டீரியோ ஓசை டிஸ்கிலிருந்து நொடிக்கு 288 கிலோபைட் இழுக்கும், ஒரே நேரத்தில் 500 ஓசை ஒலித்தால் 144 எம்பி. சாட்டா வகை எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தரும், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி அதைப்போலப் பல மடங்கு. இவ்வளவு வேகம் கையில் இருக்கும்போது தொடக்கத் துண்டாக 60 கிலோபைட் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. கான்டாக்டின் ஆப்ஷன்ஸில் மெமரி பக்கம் போய் அதை 12 வாக்கில் இறக்கிப் பாருங்கள், ஐந்தில் ஒரு பங்காகிவிடும். நோட் விழுங்குகிறதா என்று வேகமாக வாசித்துப் பார்த்து, விழுங்கினால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஆக 32 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்கும் உள்ள மெஷினைவிட 16 ஜிபி ரேமும் என்விஎம்இயும் உள்ளது சாம்பிள் வேலைக்குச் சுகமாக இருக்கும். பட்ஜெட் இடித்தால் முதலில் எஸ்எஸ்டி, அப்புறம் ரேம். லைப்ரரிக்கென்று தனியாக 1 டிபி இருந்தால் நல்லது.

ட்ராக்கை ஃப்ரீஸ் செய்தால், அதாவது தற்காலிகமாக ஆடியோவாக மாற்றி வைத்தால், மெமரி மிச்சமாகாதா என்று கேட்பீர்கள். மென்பொருளைப் பொறுத்தது. க்யூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ஃப்ரீஸ் செய்யும்போது இன்ஸ்ட்ருமென்டை அன்லோட் செய் என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டால் இடம் கிடைக்கும். சிலவற்றில் ஃப்ரீஸ் பிராசஸரை மட்டும்தான் விடுவிக்கும், சாம்பிள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அங்கே ட்ராக்கை ஆடியோவாகப் பவுன்ஸ் செய்து, பிளகினைக் கழற்றினால்தான் உண்டு. கழற்றும் முன் பேட்ச்சின் பெயரை ட்ராக் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். டெஸ்க்டாப் என்பதால் உங்களுக்கு ஒரு சௌகரியம், பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஆனால் நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இப்போது இரண்டு, அப்புறம் இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு திட்டம் போடாதீர்கள். இப்போதைய ரேம் வகையான டிடிஆர்5இல் நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் இறங்கும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசைக்கு நிறுவனம் உறுதி தரும் வேகமே நான்கு ஸ்டிக்கில் 3600தான், இரண்டில் 5200. இசை வேலைக்கு அந்த வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, சில போர்டுகள் நான்கு ஸ்டிக்கோடு அடம்பிடிப்பதுதான் தலைவலி. 64 கட்டாயம் தேவைப்படும் என்று இப்போதே தெரிந்தால் 32 இரண்டு. இல்லாவிட்டால் ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வருகிற 16 இரண்டு. ஒற்றை 32 ஸ்டிக் விலை குறைவாகத் தெரியும், ஆனால் இரண்டு ஸ்டிக்கிலும் ஒரே நேரத்தில் படிக்கும் இரட்டைச் சேனல் போய்விடும்.

லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு வேறு நியாயம். மெல்லிசான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், எம் வரிசை சிப் போட்ட மேக்புக்குகள் எல்லாவற்றிலும் ரேம் சிப்போடு சேர்ந்தேதான் வரும். அதில் இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்கியாக வேண்டும். 2024 அக்டோபரில் ஆப்பிள் மேக்புக் ஏரின் அடிப்படை அளவை 8இலிருந்து 16 ஆக்கியது. பழைய 8 ஜிபி மாடல் யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால், குரல் பதிவுக்கு மட்டும் என்றால் எடுங்கள், சாம்பிள் வேலைக்கு வேண்டாம். மேக்கில் 8 இருந்தால் விண்டோஸில் 16 மாதிரி என்று ஒரு பேச்சு உலவுகிறது. மெமரியைச் சுருக்கி வைப்பதில் மேக் கெட்டிதான், ஆனால் ஒலிச் சாம்பிள் அவ்வளவு சுலபமாகச் சுருங்குகிற சரக்கு இல்லை.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை கடுமையாக ஏறியது, மெமரி சிப் செய்யும் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலவரத்தில் வருங்காலத்துக்கு இருக்கட்டுமே என்று 64 வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முந்தைய தலைமுறை டிடிஆர்4 போர்டும் நல்ல பிராசஸரும் தள்ளுபடியில் கிடைத்தால் அதையும் யோசியுங்கள், பாட்டு செய்ய டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் நடுவில் காதுக்குத் தெரிகிற வேறுபாடு கிடையாது.

ரேம் வந்து மாட்டியதும் உடனே பாட்டைத் திறக்காதீர்கள். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனைக் கருவியை ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் காட்டினால் ஸ்டிக்குகளைத் தனித்தனியாக மாட்டிச் சோதித்து, கெட்டது எது என்று தெரிந்தபின் மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் ஜோடியாகவே கடைக்குக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம், ஜோடி கலைந்துவிடும்.